புகையும் பூட்டும்

உச்ச நீதிமன்றப் பதிவேட்டில் அந்த வழக்கின் தலைப்பிலேயே 25 என்ற எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேர் இறந்தது குறித்து என்பது அந்தத் தலைப்பின் பொருள். இறந்தவர்களோ 28 பேர். செய்தி வந்ததும் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது; அன்றைக்குத் தெரிந்த கணக்கு தலைப்பில் ஏறியது. பிறகு கூடிய மூன்று உயிர்கள் தலைப்புக்கு வெளியே நின்றுவிட்டன.

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. ஆடி மாதம். ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்கு மேற்கே கடலோரம் இருக்கும் ஏர்வாடியில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை விடிகாலை ஐந்து மணி வாக்கில் எரிந்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் சங்கிலியில். கட்டு சற்றுத் தளர்ந்திருந்த சிலர் எப்படியோ வெளியே வந்தார்கள். மற்றவர்களின் உடல்கள் இன்னார் என்று சொல்ல முடியாதபடி கருகிப்போயின. ஏழாவது நாள், ஆகஸ்ட் 13 அன்று, ஏர்வாடியில் இதுபோல நடந்துவந்த காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள் அரசின் பொறுப்புக்கு மாறினார்கள். அந்தக் காப்பகங்களை நடத்தியவர்கள் தனியார். மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் வரும் ஏர்வாடித் தர்கா வேறு, அவை வேறு. அன்றைய கோபத்தில் பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசினார்கள், அது சரியல்ல.

ஓலைக் கொட்டகை ஒன்று விடியற்காலையில் எரிந்தால் ஊரின் வாயில் முதலில் வரும் கேள்வி, யார் வைத்தது என்பதுதான். விளக்கு சாய்ந்ததா, கொசுவர்த்தி பற்றியதா, யாருடைய கையாவது பட்டதா? கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்டால், பேச்சு தத்துவத்துக்குள் போய்விடும். எரிந்து முடிந்த ஒன்றைப் பற்றி மனிதனுக்கு உண்மையில் என்ன தெரிய முடியும்? தீயே சாட்சி சொல்லுமா? அல்லது தீ விட்டுப்போனவற்றை வைத்து மனிதன்தான் சொல்ல வேண்டுமா?

தமிழ் மண்ணுக்கு இதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தீ பொய் சொல்லாது என்பது அது. திருமணம் அக்னி சாட்சியாக நடக்கிறது. மதுரையில் சம்பந்தர் சமணர்களோடு அனல்வாதம் செய்தபோது தீயில் இட்ட ஏடு கருகாமல் பச்சையாக நின்றதாகப் பெரியபுராணம் சொல்கிறது. வாதத்தில் எது மெய் என்று தீர்ப்பளித்தது தீ. ராமேஸ்வரத்தில் கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே அலையடிக்கும் கரைக்கு அக்னி தீர்த்தம் என்று பெயர். சீதை தீயில் இறங்கி மீண்ட பிறகு, அவளைத் தீண்டிய குற்றம் தீர அக்னியே வந்து நீராடிய இடம் என்று யாத்திரைக்கு வருபவர்களிடம் கதை சொல்கிறார்கள். சோதித்த தீயையும் இந்தக் கதை சும்மா விடவில்லை. குற்றமற்றவளைத் தொட்டதற்கு அதுவும் கடலில் இறங்கி முழுக வேண்டியிருந்தது.

ஏர்வாடித் தர்காவில் அடங்கியிருக்கும் மகானின் பெயர் சுல்தான் சையிது இப்ராகிம் ஷஹீத். மதீனாவிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்தவர் என்பது மரபு. அவர் பெயரிலேயே ஒரு தீ இருக்கிறது. நபி இப்ராகிமை நெருப்பில் எறிந்தபோது, இறைவன் ஆணையால் அது குளிர்ந்து அவரைக் காத்தது என்று குர்ஆனின் இருபத்தொன்றாம் அத்தியாயம் சொல்கிறது. சைவத்தில் அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தும் ஒன்றும் ஆகவில்லை. எந்தச் சமயத்தின் வாசலில் நின்று கேட்டாலும் நல்லவரைச் சுடாத நெருப்பு ஒன்று கதையில் எரிந்துகொண்டிருக்கிறது.

ஏர்வாடியின் நெருப்பு அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த 28 பேரும் எந்தக் குற்றமும் செய்தவர்கள் அல்லர்.

நல்லவரைத் தீ சுடாது என்று நம்பினால், சுடப்பட்டவரைப் பற்றி என்ன சொல்வது? இந்த இடத்தில் பக்தியுள்ளவர் யாரும் தடுமாறாமல் இருக்க முடியாது. விதி என்று சொல்லி நகர்வது ஒரு வழி. சாம்பலை உட்கார்ந்து ஆராய்வது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கும் தமிழில் மூதாதைகள் இருக்கிறார்கள் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

மணிமேகலையில் இரண்டு விதத் தீயும் இருக்கின்றன. பதினாறாவது காதையில் வருபவள் ஆதிரை. அவள் கணவன் சாதுவன் கப்பலேறிப் போனவன். கப்பல் உடைந்தது. தப்பி வந்தவர்கள், அவன் கடலில் மாண்டுவிட்டான் என்றார்கள். ஆதிரை நம்பினாள், ஈமத்தீ மூட்டச் சொல்லி அதில் இறங்கினாள். தீ அவள் கூந்தலையும் கூறையையும் தொடவில்லை. கணவன் உயிரோடு நாகர் தீவில் இருக்கிறான் என்று வானத்திலிருந்து ஒரு குரல் சொன்னது. அவனும் பின்னால் வந்து சேர்ந்தான். இந்தக் கதையில் அதிசயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், அடியில் கிடப்பது ஒரு சாட்சியப் பிழை. உடல் கிடைக்கவில்லை. கண்டவர் இல்லை. கப்பல் உடைந்தது, ஆகவே இறந்தான் என்று பிழைத்து வந்தவர்கள் ஊகித்தார்கள். அந்த ஊகத்தின் மேல் ஒரு பெண் சிதை ஏறினாள். மனிதர்களுக்குத் தெரியாததைத் தீ அறிந்திருந்ததால் பிழைத்தாள்.

அதே நூலின் இருபத்தொன்பதாவது காதைக்கு வந்தால் தீ தன் தெய்வத்தன்மையைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பில் எரிகிறது. அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. எப்படியென்றால், நம் அட்டில் போல. சமையற்கட்டில் புகையையும் நெருப்பையும் சேர்த்தே கண்டிருக்கிறோம் என்பதுதான் அங்கே காட்டப்படும் சான்று. இந்திய அளவை நூல்கள் எல்லாமே இந்த மலையையும் இந்தப் புகையையும் சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றன. மணிமேகலையோ அத்தோடு நிற்காமல், ஊகம் எங்கெல்லாம் வழுக்கும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறது. தூரத்தில் தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராதபோதே நெருப்பு உண்டு என்று துணிவதை அது ஒரு தனிப் பிழையாகவே வகுத்து வைத்திருக்கிறது. இருபத்தேழாவது காதையில் அளவைப் பிழைகள் எட்டு என்று ஒரு கணக்கு வருகிறது. ஐயம் அதில் ஒன்று. திரியக் கோடல், அதாவது ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது, ஒன்று. அவற்றை அடுத்து தேராது தெளிதல் என்று ஒரு பெயர். ஆராய்ந்து பார்க்காமலே தெளிந்துவிட்டதாக இருப்பது.

தீப்பிடித்த இடத்தில் மனிதர் செய்யும் தவறுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த நாட்டுத் தடய அறிவியல் நூலிலும் இருக்க முடியாது.

ராமநாதபுரம் சீமையில் வைக்கோல் போரைப் படப்பு என்பார்கள். ஒரு வீட்டுப் படப்பு ராத்திரியில் எரிந்தால், தீ அணையும் முன்பே ஊரில் ஒரு பெயர் அடிபட ஆரம்பித்துவிடும். வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல், போன வருஷத்துத் திருவிழாச் சண்டை என்று காரணத்துக்கா பஞ்சம்? நெருப்பில்லாமல் புகையாது என்று பெரியவர்களும் தலையசைப்பார்கள். ஆனால் ஈரம் காயாமல் போட்ட படப்பு உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறி, சில வாரம் கழித்துத் தானாகவே பற்றிக்கொள்ளும். நுண்ணுயிர்கள் மூட்டும் சூடு அது. வெளியேற வழியில்லாமல் நடுவில் தேங்கித் தேங்கி ஒரு நாள் கனலாகிறது. எண்ணெய் துடைத்துச் சுருட்டிப் போட்ட துணிகளும் இப்படித்தான். யாருமே வைக்காத தீ உலகத்தில் நிறைய உண்டு. யாரோ வைத்த தீயும் நிறைய உண்டு. எது எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதற்காகத்தான் ஒருவர் குனிந்து உட்கார்ந்து சாம்பலைச் சலிக்க வேண்டியிருக்கிறது.

அப்படி உட்காருபவர் முதலில் எதையும் தொடுவதில்லை. இடத்தைச் சுற்றி வந்து நான்கு பக்கமும் படம் எடுக்கிறார். குறைவாக எரிந்த பக்கத்திலிருந்து கூடுதலாக எரிந்த பக்கம் நோக்கி மெல்ல நகர்கிறார். அளவு நாடா பிடித்து, எது எதிலிருந்து எத்தனை அடி என்று மாதிரி வரைபடம் போடுகிறார்கள். காவல் நிலையத்து மொழியில் பார்வை மகஜர் எழுதப்படுகிறது. ஊரார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகுதான் கை சாம்பலுக்குள் போகிறது. அதுவும் வாரி எடுப்பதில்லை, அடுக்கடுக்காக எடுப்பது. மேலே கிடப்பது கடைசியில் விழுந்தது, கீழே கிடப்பது முதலில் விழுந்தது. கீழடி அகழாய்வில் மண்ணை அடுக்காக நீக்கிய அதே பொறுமை இங்கும் வேண்டும். கவிழ்ந்த பாத்திரத்துக்கு அடியில் கருகாமல் நிற்கும் ஒரு சாண் தரை, தீ வந்தபோது அந்தப் பாத்திரம் அங்கேதான் இருந்தது என்று சொல்லிவிடும்.

மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றப்பட்டதா என்ற சந்தேகம் இருந்தால், தரையின் விரிசலிலும் மண்ணிலும் துணிக் கந்தலிலும் ஊறியிருக்கும் மிச்சத்தை எடுக்க வேண்டும். அதைச் சாதாரணப் பாலித்தீன் பையில் போட்டால் ஆவி கசிந்து போய்விடும். இதுவரை எதற்கும் பயன்படாத, மூடி இறுக்கமான தகர டப்பாவோ கண்ணாடிக் குப்பியோ வேண்டும். கொட்டகையில் எரியாத பகுதியிலிருந்தும் அதே மண், அதே துணி ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியாக எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் டப்பாவைச் சூடாக்கி, எழும் ஆவியை வாயுப் பகுப்பாய்வுக் கருவிக்குள் செலுத்தினால், எந்த எண்ணெய் என்பதை அந்தக் கருவி வரையும் கோட்டின் மேடுபள்ளம் காட்டும். டப்பாவை யார் எடுத்தார், எப்போது முத்திரையிட்டார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற எழுத்தில் ஓர் இடைவெளி விழுந்தாலும் அந்த மேடுபள்ளம் நீதிமன்றத்தில் எடுபடாது. இந்த வேலைக்குச் சென்னையில் நீண்ட மரபு இருக்கிறது. 1849-ல் மதராஸில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் அலுவலகத்திலிருந்துதான் இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை தன் வரலாற்றைத் தொடங்குகிறது.

இத்தனைக்கும் பிறகு ஆய்வகம், மண்ணெண்ணெய் இருக்கிறது என்று சொல்லட்டும். அதனால் என்ன தெரிந்தது? விளக்குக்கு மண்ணெண்ணெய் வைத்திருந்த வீட்டின் மண்ணில் மண்ணெண்ணெய் இருக்கத்தானே செய்யும்? நியாய தரிசனத்தார் இதற்காகவே உபாதி என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பது சரி. திருப்பிப் போட்டு, நெருப்பு இருந்தால் புகை உண்டு என்றால் தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. புகைக்கு ஈர விறகு என்ற இன்னொன்று வேண்டும். சொல்லாமல் உள்ளே ஒளிந்திருக்கும் அந்த இன்னொன்றுதான் உபாதி. அதைத் தேடிப் பிடிக்காமல் ஊகம் முழுமையாகாது.

தேடாமல் விட்டதன் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெயர் இருக்கிறது: கேமரான் டாட் வில்லிங்காம். 1991 டிசம்பர் 23 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் கோர்சிகானா ஊரில் அவர் வீடு எரிந்து அவருடைய மூன்று சிறு பெண் குழந்தைகள் இறந்தார்கள். தகப்பனே தீ வைத்தார் என்று விசாரணை முடிவு செய்தது. ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற கீறல்கள், தரையில் குட்டை குட்டையாகக் கருகல் என்று அடையாளங்கள் அடுக்கப்பட்டன. எண்ணெய் ஊற்றினால்தான் இப்படி எரியும் என்றார்கள். விசாரணை அதிகாரி நீதிமன்றத்தில், தீ தன் கதையைச் சொல்கிறது, தான் அதற்கு மொழிபெயர்ப்பாளன் மட்டுமே என்ற பொருளில் சாட்சி சொன்னார். அனல்வாதத்தை நம்பியவர்களின் குரல் அது. இடம் மட்டும் டெக்சாஸ்.

அந்த அடையாளங்கள் நின்றது வழிவழியாகச் சொல்லிவந்த நம்பிக்கையின் மேல். கண்ணாடிக் கீறல் வேகமான சூட்டினால் வருவதல்ல, சூடான கண்ணாடியில் தீயணைப்புத் தண்ணீர் படும்போது வருவது என்று பிற்பாடு தெரிந்தது. அறைக்குள் வெப்பம் அறுநூறு டிகிரியை நெருங்கும்போது அறையில் உள்ள எல்லாமே ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு எண்ணெயே இல்லாத தரையிலும் குட்டை குட்டையாகக் கருகல் விழும். எரிபொருளின் தடம் கிடைத்தது வாசல் பக்கத்தில்தான். அங்கே இறைச்சி சுடும் அடுப்பும் அதைப் பற்றவைக்கும் திரவமும் இருந்தன. உபாதி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தது, யாரும் கேட்கவில்லை. வேதியியலாளர் ஜெரால்ட் ஹர்ஸ்ட் எழுதிய மறுப்பு மரண தண்டனைக்குச் சில நாள் முன்பு அதிகாரிகளுக்குப் போனது. பயனில்லை. 2004 பிப்ரவரி 17 அன்று விஷ ஊசி போடப்பட்டது. 2009-ல் டெக்சாஸ் தடய அறிவியல் ஆணையத்துக்காக அந்த விசாரணையை ஆராய்ந்த கிரெய்க் பெய்லர், தீ வைக்கப்பட்டது என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று எழுதினார்.

பாண்டியன் அவையில் கண்ணகி நின்றதும் இதே குற்றச்சாட்டோடுதான். பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆராயவில்லை, கோவலன் வெட்டுண்டான். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடி தண்டனைக்குப் பிறகு வந்தது. திருக்குறள் ஐம்பத்தொன்றாம் அதிகாரத்துக்குத் தெரிந்துதெளிதல் என்று பெயர் வைத்திருக்கிறது. தெரிதல் முதலில், தெளிதல் பிறகு.

தமிழ்நாட்டில் தீ வைத்தது உறுதியான ஒரு நிகழ்விலும் ஊகம் வேறு விதமாகத் தவறியது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். கீழ் நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலமும் செல்வமும் உள்ளவர்கள், ஆள் அம்பு வைத்துக்கொள்ளாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எழுத்தாளர் மைதிலி சிவராமன் அதை அப்போதே எடுத்து எழுதினார். அட்டிலில் புகையையும் நெருப்பையும் சேர்த்துக் கண்டிருக்கிறோம். செல்வத்தையும் குற்றமின்மையையும் அப்படிச் சேர்த்து எங்கே கண்டோம்? மணிமேகலையின் மாணவி ஒருத்தி அந்த அவையில் இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை அங்கேயே நிறுத்தியிருப்பாள்.

தேராமல் தெளிவது அப்பாவியைத் தூக்கிலேற்றும், குற்றவாளியை வீட்டுக்கும் அனுப்பும். சாம்பலை ஆராய்வது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் செய்யும் உதவி என்று சிலர் நினைக்கிறார்கள். செத்தவர்களுக்கு உயிரோடிருப்பவர்கள் செய்ய வேண்டிய கடமை அது. பிண்டம் வைப்பதைப்போல, ஃபாத்திஹா ஓதுவதைப்போல.

ஆராயவே விடாத தீயும் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து கடல் தாண்டினால் யாழ்ப்பாணம். 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் அங்கே பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் திரும்பக் கிடைக்காத ஓலைச் சுவடிகளும் போயின. அந்த நெருப்பைத் தூரத்திலிருந்து பார்த்த தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார் என்று யாழ்ப்பாணம் நினைவில் வைத்திருக்கிறது. நூலகத்தை எரித்ததற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. சாம்பலை அடுக்கடுக்காக எடுத்து முத்திரையிடும் பொறுப்பு யாரிடம் இருந்ததோ, அந்த அரசின் காவலர்கள் மீதே சந்தேகம் இருந்தது.

இனி ஏர்வாடிக்குத் திரும்பலாம். ஓலைக் கொட்டகை, தடயம் தேடுபவருக்கு மிகக் கொடுமையான இடம். சுவர் இருந்தால் தீ எங்கே கிளம்பியது என்பதற்குச் சுவரில் கரி விரிந்த தடம் நிற்கும். ஓலையில் அது நிற்காது. கூரை பிடித்துக்கொண்டால் கொத்துக் கொத்தாக எரிந்து கீழே விழும். விழுந்த இடமெல்லாம் தனித்தனியாக எரியும். கல் கட்டடத்தில், எண்ணெய் ஊற்றினார்களோ என்று சந்தேகிக்கத்தக்க தரைக் கருகல், இங்கே கூரை விழுந்த அடையாளமாக மட்டுமே இருக்கலாம். தண்ணீர் அடித்தவர்கள், உயிர் இருக்கிறதா என்று கிளறியவர்கள், ஓடி வந்த உறவினர் எல்லாரும் மிதித்த இடம் அது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உயிரைக் காப்பதுதான் முதல் வேலை.

ஆனால் ஓலையும் கம்பும் பாயும் கயிறும் போன பிறகும் அங்கே எரியாத ஒன்று இருந்தது. இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். ஓலைக் கொட்டகைத் தீ அந்த உயரத்துக்குப் போகாது. சங்கிலிகள் கிடந்தன.

தருக்க நூலார் புகையில்லா நெருப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன பழுத்த இரும்பு, அந்த விடியலில் மனிதர்களுடைய உடம்போடு சேர்ந்து கிடந்தது. யார் வைத்தது என்ற கேள்விக்குச் சாம்பல் திணறலாம். யார் கட்டியது என்ற கேள்விக்கு அது திணற வேண்டியதில்லை. ஊகமே தேவையில்லாத, கண்ணால் காணக் கிடந்த சான்று அது. மணிமேகலை காண்டல் என்று அளவைகளில் முதலில் வைக்கும் அறிவு. வழக்கும் அந்தத் திசையில்தான் போனது. என். ராமதாஸ் தலைமையில் அமைந்த ஆணையம், நோயாளிகளின் சங்கிலிகளைக் கழற்ற வேண்டும், உரிமம் இல்லாமல் யாரும் காப்பகம் நடத்தக் கூடாது என்று சொன்னது. 2007-ல் காப்பகத்தை நடத்தியவருக்கும் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2002 பிப்ரவரியில், மாநிலத்துக்கு ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும் என்றும், மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது சட்டவிரோதம் என்பதை மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தொண்ணூற்றைந்தாம் பிரிவில் எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்று முழுமையாகத் தடுத்துவிட்டது.

கட்டியவர்கள் காப்பகக்காரர்கள் மட்டும்தானா என்பது கடினமான கேள்வி. ஏர்வாடிக்கு நோயாளியைக் கூட்டி வந்தவர்கள் அவரை வெறுத்தவர்கள் அல்லர். இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்று பேதமில்லாமல் வந்தார்கள். எத்தனையோ ஊர்களில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சோர்ந்த பிறகு வந்தவர்கள் உண்டு. தர்காவில் எரியும் விளக்கின் எண்ணெயும் ஓதிய தண்ணீரும் பிள்ளையைத் தேற்றும் என்று நம்பினார்கள். மகான் கனவில் வந்து உத்தரவு தரும்வரை நோயாளி அங்கேயே இருக்க வேண்டும் என்பது வழக்கம். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அந்த உத்தரவுக்காகக் காத்திருந்த தாய்மார்கள் உண்டு. அந்தக் காத்திருப்பைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கனவுக்காகக் காத்திருந்த காலத்தில் காலில் சங்கிலி கிடந்தது. கனவின் உத்தரவு மகானுடையது என்று வைத்துக்கொண்டாலும் சங்கிலியைப் பூட்டச் சொன்ன உத்தரவு யாருடையது? எந்த மகானும் பூட்டச் சொன்னதாக எந்த மரபும் சொல்லவில்லை. நம்பிக்கைக்கும் சங்கிலிக்கும் நடுவில் இருந்த உபாதி வறுமை, பயம், பக்கத்தில் வைத்தியம் இல்லாமை. பிற்காலத்தில் தர்கா வளாகத்திலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்க ஏற்பாடு வந்தபோது, நம்பிக்கையைக் கைவிடாமலே சங்கிலியைக் கைவிட முடியும் என்று தெரிந்தது.

நல்லவரைத் தீ சுடாது என்ற கதைகளை அப்படியானால் என்ன செய்வது? கதை கதையாகவே இருக்கட்டும். இப்ராகிம் நபிக்கு நெருப்பு குளிர்ந்தது இறைவனின் ஆணையால். நெருப்புக்குத் தானாக நியாயம் தெரியும் என்று குர்ஆன் சொல்லவில்லை. ஆதிரையைத் தீ விட்டுவிட்டதைச் சொன்ன அதே நூல், புகையைக் கண்டால் எப்படிச் சிந்திக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தது. ஆதிரைகளை எதிர்பார்த்துச் சிதை மூட்டாதே, கப்பலில் வந்தவர்களை இன்னும் ஒரு முறை விசாரி என்று அந்த நூலின் ஆசிரியர் சாத்தனார் சொல்ல வந்ததாகவே அந்த இரண்டு காதைகளையும் சேர்த்து வாசிக்கத் தோன்றுகிறது. அக்னி தீர்த்தத்தின் கதையும் அந்தப் பக்கமே சாய்கிறது. சோதித்துப் பார்த்த பிறகு அக்னியே கடலில் இறங்கி முழுகிய கரை அது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கே வந்து சான்றுகளைச் சேகரிக்க வேண்டும். அதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். மாநிலங்கள் இதற்குத் தயாராக ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. வீட்டுக்குத் தீ வைப்பது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். ஆகவே தீ வைக்கப்பட்டதாக வழக்குப் பதிவாகும் குடிசை ஒவ்வொன்றுக்கும் இது பொருந்தும். கடலோரத்துச் சிறு ஊரில் எரிந்த கொட்டகைக்குக் கேமராவும் தகர டப்பாவுமாக ஒருவர் மாலைக்குள் வந்து சேர்ந்தால், தேராது தெளிவதற்கு ஊருக்குக் கிடைக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையும்.

அப்படி வருபவர் மகஜரில் எழுத வேண்டியவை நிறைய. கட்டில் எத்தனை, விளக்கு நின்ற இடம் எது, கதவு எந்தப் பக்கம் திறப்பது, காற்று எங்கிருந்து வீசியது. சங்கிலி கிடந்தால் அதன் நீளம் என்ன, ஒரு முனை எதில் மாட்டியிருந்தது, மறுமுனை எதில். பூட்டு இருந்தால் அது மூடியிருந்ததா, திறந்திருந்ததா. சாவி எங்கே கிடந்தது, யாருடைய அறையில், எந்த ஆணியில். பிறகு அளவு நாடாவை விரித்து, அந்த ஆணியிலிருந்து பூட்டு கிடந்த இடம்வரை எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று அளந்து எழுத வேண்டும்.